இடது கையால்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வலது கையில் நான்கு விரல்களுக்கும் கட்டு, வெளியூரில் தங்கை வீட்டில் ஓய்வு என்று உங்கள் கணவர் சொன்னார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

நகராட்சியில் எல்லாம் வழக்கம்போலத்தான். ஒரு வருடமாக நீங்கள் கேட்டும் ஓடாத மின்விசிறியை, நீங்கள் போன மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். சுவரில் உங்களைப் பற்றி எழுதியிருந்ததன் மேல் இரண்டு பூச்சு வெள்ளையடித்தும் அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் லேசாகத் தெரிகிறது. துணைத்தலைவி என்பதால் இப்போது உங்கள் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சி மைதானத்தை ஒப்பந்தக்காரருக்கு விற்கும் தீர்மானத்தில் கையெழுத்திட மறுத்து வெளியேறுகையில், தலைவர் தம் கையைத் தாமே கதவில் நசுக்கிக்கொண்டார் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியாயிற்று. உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தலைவரான நீங்களும் போட்டால்தான் செல்லுமாம். விரல் உடைந்தவர் எப்படிப் போடுவார் என்று கேட்டேன். "அதுக்கென்ன, இடது கையால போடட்டும்" என்றார் ஆணையர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா.

ஒப்பந்தக்காரரின் மைத்துனர் உங்கள் தலைமுடியைப் பிடித்திழுத்து, கையைக் கதவு நிலையில் வைத்து அழுத்தியதைப் போலீசில் சொல்லியிருக்கிறீர்கள். கதவை அறைந்து சாத்தியது யாரென்று சொல்லவில்லை. பின்னால் நின்றதால் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று முதலில் நினைத்தேன். "உன் வளையல் முன்னால வருது, நீ பின்னால வர்றே" என்று என்னைக் கேலி செய்கிற உங்களுக்கு அந்த வளையல் சத்தம் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்தக் கூட்டத்தன்று காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. பள்ளி வாசலில் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள் என் மகள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டம். இந்தக் கடிதத்தோடு பியூன் புத்தகத்தையும் கொண்டுவருகிறார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள், புகாரையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், "அடுத்த மீட்டிங்ல கதவைச் சாத்த வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்று என் கையைப் பார்த்துச் சொல்கிறார்கள். கணவரை அனுப்பாமல் கூட்டத்துக்குத் தாமே வரும் பெண்கள் நாம் மூன்று பேர்தானே. மூன்றாமவள் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இடம் மாறி, கதவோரமாக உட்காருகிறாள்.

உங்கள் விரல்கள் சீக்கிரம் கூடட்டும். அதுவரை இடது கை போதும், அக்கா.

இன்னும் உங்கள் தங்கை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்,
துணைத்தலைவி