புளி போட்டுத் தேய்த்த குப்பி

புணே கேம்ப்,
19.6.99, சனிக்கிழமை

தீபா அப்பாவுக்கு மல்லிகா எழுதுவது. நானும் தீபாவும் சௌக்கியம். அங்கே நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. டி.வி.யில் தினமும் நீங்கள் சண்டைக்குப் போயிருக்கிற அந்த மலையையே காட்டுகிறார்கள். பப்பா கப் ஆயேங்கே, எப்ப வருவாங்க என்று தீபா இரண்டு பாஷையிலும் கேட்கிறாள். எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

இங்கே நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். திட்டாமல் படியுங்கள்.

நான் வேலை பார்க்கிற பங்களாவில், ஃப்ரெனி மேம்சாப்பின் அலமாரியில் கட்டைவிரல் உயரத்துக்கு மூக்குப்பொடிக் குப்பி ஒன்று உண்டு. அவருடைய முப்பாட்டனார் சீனாவுக்குக் கப்பலில் வியாபாரத்துக்குப் போய்க் கொண்டுவந்ததாம். செம்பின் மேல் எனாமல் பூசி, ஆட்டுக்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரியை வரைந்திருக்கிறார்கள். கவுனும் தொப்பியும் அசல் சீமைதான், கண் மட்டும் சீனக் கண். வரைந்தவன் வெள்ளைக்காரியை நேரில் பார்த்திருக்க மாட்டான் என்று மேம்சாப் சிரிப்பார்.

அதற்கு விலை பேச பம்பாயிலிருந்து ஆள் வருகிறார், உலர்ந்த துணியால் துடைத்துக் கொடு என்று வியாழக்கிழமை சொன்னார். வாய் விளிம்பில் மங்கலாக மஞ்சள் படிந்திருந்தது. செம்புதானே, நமக்குத் தெரியாததா என்று அடுப்படியில் புளியும் உப்பும் வைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். பளிச்சென்று சிவந்தது. எனக்குப் பெருமை வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த மஞ்சள் அழுக்கில்லை, தங்க முலாம் என்று இன்றுதான் தெரிந்தது. கண்புரை இருப்பதால் மேம்சாப்பும் கவனிக்கவில்லை.

இன்று காலை வந்த ஆள் பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். போட்டோவில் தங்க விளிம்பு இருக்கிறது, குப்பியில் இல்லை, யாரோ அசலை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டார்கள் என்றார். பத்தே நிமிஷம் கையில் வைத்திருந்த என்மேல் சந்தேகம் வரவில்லை. அலமாரிச் சாவி எப்போதும் சமையல்கார லூர்துசாமி அண்ணனிடம்தான் இருக்கும். மேம்சாப் சத்தம்கூடப் போடவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றார்.

இருபத்திரண்டு வருஷம் அங்கே சமைத்தவர். உங்களுக்கு மாற்றல் வந்தபோது பங்களாவின் பின்னால் இருக்கிற இந்த அவுட்ஹவுஸை நமக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வாசல் கேட் பக்கத்தில் நின்ற என்னிடம், பிள்ளையைப் பார்த்துக்கோம்மா என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. நமக்கும் இடம் போய்விடுமே என்ற பயம். வெட்கமாக இருக்கிறது.

மேம்சாப் இப்போது தூங்குகிறார். நாலு மணிக்கு டீ கேட்பார். டீயோடு போய்ச் சொல்லிவிடப் போகிறேன். சொன்ன பிறகு எழுத முடியுமோ என்னவோ, அதனால்தான் முன்னாலேயே எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கிற பாரத்தில் இதையும் ஏற்றுகிறேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. நான் வேறு யாரிடம் சொல்வேன்?

இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். உங்கள் யூனிட் சந்தானம் அண்ணனின் வீட்டுக்காரி பாமா அக்காவின் வானவடி குவார்ட்டர்ஸ் விலாசத்தை மறுபக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு நாளாவது இடம் கொடுப்பார். அங்கே எழுதுங்கள். ஒரு வரி போதும், உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். வேறு யார் கையெழுத்திலும் எனக்கு ஒரு காகிதமும் வர வேண்டாம்.

உங்கள்,
மல்லிகா