'சில்லி' இரண்டு முறை போன வாரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று 'நைஸ்'. லத்தீனில் பிறந்தபோது 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். அசடு, கூச்சம், நுணுக்கம் என்று பல வீடு மாறி, இப்போது எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்லும் நல்ல வார்த்தையாகிவிட்டது. வானொலியில் காலைச் செய்திக்குப் பிறகு எனக்குச் சில நிமிடங்கள், ஆங்கிலப் பெயரடைகளின் பூர்வீகம் சொல்ல. முடிவில் நிலையத்தின் போன் நம்பரையும் சொல்கிறேன். சொல்வதோடு சரி, மணி அடிப்பதில்லை.

மேலாளர் நடைவழியில் நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒரு போன்கூட வரல. மாசக் கடைசியோட நிறுத்திடலாம்னு பாக்கறேன்." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

மார்ச் 5

நேற்று ஒலிபரப்பான 'சில்லி'யே இன்றும் போயிருக்கிறது. வாரம் முழுவதற்கும் திங்களன்றே பதிந்து வைப்பது வழக்கம். அதையே இரண்டு நாளுக்கும் வைத்தது நானேதான். முதலில் பகீரென்றது. அப்புறம் ஒரு கெட்ட சந்தோஷம். யாராவது கூப்பிட்டுத் திட்டுவார்களே! மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் நிலையத்துப் போனருகே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலத்தில் 'ஆசி பெற்ற' என்று பொருள்பட்ட வார்த்தை. பிறகு அப்பாவி, பிறகு ஐயோ பாவம், கடைசியில் அசடு. இரண்டு நாள் சொல்லியும் ஒரு ஜீவன் ஏனென்று கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். எனக்குச் செவிடன்கூட இல்லை.

மார்ச் 8

அண்ணன் போன் செய்தான். "நீ பேசறது எத்தன மணிக்கு?" ஒவ்வொரு தடவையும் கேட்கிறான்.

மார்ச் 17

'ஸேட்', அதாவது சோகம். பழைய ஆங்கிலத்தில் வயிறு நிறைந்தவன், போதும் என்றானவன். நிறைந்தவன் கனத்துப்போய், கனத்தவன் துக்கப்பட்டவனாகிவிட்டான். நான் எதில் நிறைந்தேன்? ஒரு ஆளுக்குச் சமைப்பது என்ன எழவு சமையல்! நின்றபடியே சாப்பிட்டேன்.

மார்ச் 31

கடைசி நாள். 'லோன்லி'. அதன் அடிவேரில் இருப்பது 'ஆல் ஒன்', முழுக்க ஒன்று. பதியும்போது அந்த இடத்தில் குரல் உடைந்தது. திரும்பப் பதியவில்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 1

மாடிவீட்டு அக்கா படியில் வழிமறித்தார். இத்தனை வருடமும் தலையாட்டலோடு சரி.

"என்னம்மா, இன்னிக்கு உன் நேரத்துல சோப்பு விளம்பரம் போடறாங்க? நேத்து உன் குரலும் ஒரு மாதிரி இருந்துச்சு. காய்ச்சலா?"

"நீங்க... கேப்பீங்களா?"

"தினமும்தான். அந்த சில்லிய ரெண்டு தடவ சொன்னியே, என்னை மாதிரி மரமண்டைங்களுக்காகன்னு நெனச்சேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா!" கத்தியேவிட்டேன்.

"நீ நம்பர் சொல்றப்பத்தான் குக்கர் விசில் அடிக்குது. அதுவுமில்லாம, மேல இருந்துக்கிட்டு கீழ்வீட்டுக்காரிக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?"

நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து உருண்டோடிய காய்கறியைக்கூட எடுக்கவில்லை.

ஏப்ரல் 6

விடிந்ததும் விடியாததுமாக மாடிவீட்டு அக்கா கதவைத் தட்டுகிறார்.

"எந்திரிம்மா. இன்னிக்கு என்ன வார்த்தை?"

"பல்லாவது தேய்ச்சுக்கறேன்க்கா."

"தேய்ச்சுக்கிட்டே சொல்லு."