சாராள் தைத்த சட்டை

ஓசூர், 19-12-1967

கர்த்தருக்குள் அன்பான கிருபாவின் அப்பாவுக்குத் தோத்திரம். உங்கள் இருமல் தேவலையா? நான் இங்கே ஆஸ்டல் சமையலில் சுகமாக இருக்கிறேன். சிங்காரப்பேட்டையிலிருந்து உங்கள் கடிதம் வந்து இருபத்தோரு நாள் ஆகிறது. நம் மகள் கிருபாவுக்குச் சொன்ன பிரசவ நாளும் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிறிஸ்துமஸ் நன்றி ஆராதனை. வருஷத்தில் கிடைத்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சொன்னார்கள். என் முறை வந்தபோது பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "எம் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆச்சு, தோத்திரம்" என்று சொல்லிவிட்டேன். சபையே ஆமென் சொன்னது. அதற்குமேல் எப்படித் திருத்துவேன்?

மறுநாளே நெய், பழந்துணி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலு வருஷம் முன்னே சபை விருந்தில் எனக்கு மட்டும் கறியில்லாமல் குழம்பு ஊற்றினாளே சாராள், அவள்கூடக் குழந்தைச் சட்டை தைத்து வந்தாள். "பேரனா பேத்தியான்னு நீங்க சொல்லலியே அக்கா, அதான் வெள்ளையில தெச்சேன்" என்றாள். அந்தக் குழம்பை நான் மறக்கவில்லை. ஆனாலும் இந்த ஜனங்களை எனக்குக் கொடுத்த கர்த்தருக்கு நன்றி.

சட்டை என் தலையணைக்கடியில் இருக்கிறது. ஒரு கார்டு போடுங்கள். பேரனா பேத்தியா என்று மட்டும் எழுதினால் போதும். சபையில் நான் சொன்னது பொய்யாகக் கூடாது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

அன்னம்மாள்