தேள்மீன் படம்

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் சொன்னால் என்னைப் பேசவிட மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

"தம்பி கடைசியா பார்த்த மீனுங்க. பெருசா பிரின்ட் போட்டு அனுப்புங்க, கூடத்துல மாட்டணும்" என்று கேட்டாய். உன் தம்பி கடலில் இறந்து ஆறு மாதமாகியும் கேமராவைத் தொட எனக்கு மனம் வரவில்லை; போன வாரம்தான் கார்டைக் கழற்றிப் பிரின்டுக்குக் கொடுத்தேன்.

அன்று நானும் அவனும் டைவிங் போனபோது, கட்டைவிரல் அளவுத் தேள்மீன் ஒன்று மணலோடு மணலாகக் கிடந்தது. அவன்தான் கண்டுபிடித்துக் காட்டினான். நான் கேமராவோடு கடலடியில் குப்புறப் படுத்துவிட்டேன். "அவன் எங்கேயோ தள்ளிப் போயிட்டான், நான் பார்க்கல" என்று உன்னிடம் சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

நேற்று பிரின்ட் வந்தது. டைவிங் கடையில் எல்லோரும் "மீன் எங்கேப்பா?" என்று தேடினார்கள். எனக்கு மீன் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில், கழுத்துக்குக் குறுக்கே வைத்த ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில் நீ அவனுக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் வாட்ச். தண்ணீருக்கடியில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான்: காற்று தீர்ந்துவிட்டது.

கை நீட்டியிருந்தால் தொட்டிருப்பேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மாட்டுவதும் கிழிப்பதும் உன் இஷ்டம். இந்தப் படத்துக்குப் பிறகு அங்கேயே படுத்தபடி நான் எடுத்த நான்கு படங்களை அனுப்பவில்லை. நான்கிலும் மீன் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

உன் வீட்டுக்காரன்