வாசலுக்கு ஒரு புள்ளி

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து ஒரே கோப்போடு மல்லுக்கட்டு. சர்வேயில் எடுத்ததையெல்லாம் அடுக்கு பிரிக்காமல் ஒரே லேயரில் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீடுகள் பரப்பாக, தெருக்கள் கோடாக, விளக்குக் கம்பமும் வால்வும் இன்னும் என்னென்னவோ புள்ளியாக. வீட்டுக்குப் பூசிய மஞ்சள் வளைந்த தெருக்களுக்குள்ளும் போய் வழிகிறது. தெருவைத் தடிமனாக்கினால் வீட்டுச் சுவரும் சேர்ந்து வீங்குகிறது. ஒன்றைத் தொட்டால் மூன்றும் மாறுகிறது. மண்டை காய்ந்துவிட்டது.

புதுக் குடிநீர்க் குழாய் எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று கமிட்டி முடிவு செய்யப்போவது இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார் மேலாளர். கொடுத்த கோப்பின் லட்சணத்துக்கு வெள்ளிக்கிழமையாம்!

மார்ச் 4, செவ்வாய்

ஒருவழியாக மூன்றுக்கும் தனித்தனி விதி எழுதினேன். பரப்பா, வெளிர் மஞ்சள். கோடா, சாம்பல். புள்ளியா, சிவப்பு வட்டம். பெருமையாகக் காட்டினேன். மேலாளர் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, மேப்புக்கு அம்மை போட்டிருக்கா? பாக்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்க வேணாமா?"

புள்ளியைச் சிறியதாக்கினேன். "இன்னும் சொறி சொறியா இருக்கு." நிறத்தைக் குறைத்தேன். "இப்ப அழுக்கு மாதிரி இருக்கு." மனுஷனுக்கு என்னதான் வேண்டும்?

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவள் இருக்கிற கல்குவாரி மேட்டுக்கு இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. கீழே இறங்கிப் போய் இரண்டு குடம் தூக்கி வந்தாளாம். தோளில் ஆபரேஷன் ஆன பிறகு எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். "டாக்டரா வந்து தூக்குவாரு?" என்றாள். இந்த வருஷம் குழாய் வந்துடும்க்கா, மேப்பே நான்தான் போடறேன் என்று சொன்னேன். என்னவோ குழாயையே நான் தோளில் சுமந்து வருகிற மாதிரி.

மார்ச் 6, வியாழன்

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் புள்ளிகளுக்கு ஒரு வரம்பு வைத்தேன். திரையில் பெரிதாக்கி, கிட்டே போய்ப் பார்த்தால் மட்டும் தெரியும். தள்ளி வந்தால் மறைந்துவிடும். திரை பளிச்சென்று ஆனது. "இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன்" என்றார் மேலாளர். எப்போது சொன்னார்?

மார்ச் 7, வெள்ளி

பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. விட்டது சனி.

மார்ச் 13, வியாழன்

அக்கா போனில் கத்தினாள். குழாய் வரும் தெருக்களின் பட்டியலை ஒட்டியிருக்கிறார்களாம். கல்குவாரி மேடு அதில் இல்லை. கேட்கப் போனவர்களிடம், அந்தப் பக்கம் வீடே இல்லை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார்களாம்.

"வீடு இல்லையாமேடி! அப்ப பாறையில ஒட்டிக்கிட்டிருக்க நாங்கல்லாம் என்ன, பல்லியா? எந்த மகராசி அந்த மேப்பைப் போட்டாளோ, அவ கை விளங்காமப் போக!"

விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். போட்டது நான்தான் என்று அன்றைக்குச் சொன்னேனே, கோபத்தில் மறந்துவிட்டாளா? நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கோப்பைத் திறந்தேன். கிட்டே போனால் கல்குவாரி மேட்டில் நாற்பத்தாறு சிவப்புப் புள்ளிகள். ஒரு படி தள்ளி வந்தால் வெறும் வெள்ளை. திரும்பக் கிட்டே. திரும்பத் தள்ளி. எத்தனை முறை செய்தேனோ.

ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் சர்வேக்காரரின் குறிப்பு இருக்கிறது. 'சந்து குறுகல். சுவர் அளக்க முடியவில்லை. வாசலுக்கு ஒரு புள்ளி.' மற்ற இடங்களில் வீடு பரப்பு. இங்கே மட்டும் புள்ளி. நான் எல்லாப் புள்ளியையும் கம்பம் என்று நினைத்துக்கொண்டு மொத்தமாக மறைத்திருக்கிறேன். குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திரையில் கிட்டே போகலாம். தாளில் எங்கே போவது?

அக்கா வீட்டுப் பக்கம் காலியாக இருந்ததே, என் கண் எங்கே போயிற்று? தெருவின் சாம்பல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீ.

மார்ச் 17, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"கமிட்டி முடிவு பண்ணின பிறகு தப்புன்னு போய் நின்னா யாரு தலை உருளும்? அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். வேணும்னா அந்த ஜனங்களே ஆட்சேபம் எழுதிக் கொடுக்கட்டும், வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

எதைக் காட்டி எழுதிக் கொடுப்பார்கள்? அவர்கள் இல்லை என்று சொல்கிற வரைபடத்தையா? அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டேன். மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

வெளியே சர்வேக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆபீசுக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டார், அதனால் எல்லோருக்கும் அவர் தொப்பிதான். விஷயத்தைச் சொன்னதும் இன்று முதல் தடவையாகக் கழற்றினார்.

"நாப்பத்தாறு வாசல்லயும் நின்னேம்மா. ஒரு அம்மா சொம்புல தண்ணி கொடுத்தாங்க. எங்கேர்ந்து தூக்கிட்டு வர்றாங்கன்னு தெரியாம நான் இன்னொரு சொம்பு கேட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

முதலிலிருந்து. பரப்பு அடியில், அதன்மேல் கோடு, எல்லாவற்றுக்கும் மேலே புள்ளி. கம்பத்தையும் வால்வையும் தனியே பிரித்து ஒதுக்கினேன். மிச்சமிருக்கிற நாற்பத்தாறுக்குச் சிவப்பு வட்டம் எதற்கு? தாளின் ஓரத்தில் 'மஞ்சள் – வீடு' என்று நானே அச்சடித்திருக்கிறேன். பரப்பாக அளந்தால் மஞ்சள், புள்ளியாக அளந்தால் சிவப்பு என்றால், பார்ப்பவருக்கு எப்படி வீடாகத் தெரியும்? எல்லாவற்றையும் மஞ்சள் சதுரமாக்கினேன். வரம்பை எடுத்தேன். எவ்வளவு தள்ளி வந்தாலும் நிற்கிறது. இதைச் செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 20, வியாழன்

மேலாளரிடம் சொல்லாமல் கமிட்டிக்குப் போனேன். தலைவி அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன வாரம் இல்லாத வீடு இந்த வாரம் எப்படி முளைச்சுது?"

"வீடு அங்கதான் இருந்துச்சும்மா. நான்தான் மறைச்சிட்டேன்."

ஏன், எப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். மேலாளர் சொன்ன அம்மையைப் பற்றி எழுதவில்லை. வரம்பு வைத்தது என் கைதானே.

மார்ச் 22, சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, கோடு, பரப்பு, எல்லாம்.

"அப்ப அன்னிக்கு நான் சாபம் விட்டது உனக்கா?"

"ஆமாக்கா."

"சரி." வைத்துவிட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

போன் செய்தேன். அக்கா எடுக்கவில்லை. மாமாதான் எடுத்து, "தூங்கறா" என்றார். பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 9, புதன்

பழைய காகிதங்களை ஸ்கேன் செய்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. வரைபட வேலை இனி வேறொருத்திக்கு. கமிட்டியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்காவிடமிருந்தும் இல்லை. தலையை விட்டதுதான் மிச்சமா? தொப்பி மட்டும் தினமும் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, உங்காளுங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? குழாய் போடறேன்னு வாசல்ல நேரா குழியைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டானுங்க! கால் வைக்க இடமில்ல. மாமா பலகை போட்டுத்தான் தாண்டறாரு."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இருக்கியா? இந்தக் குழியை உன் மேப்புல என்னன்னு போடுவ? புள்ளியா, பரப்பா?"

"கோடுக்கா," என்றேன். "உன் வாசல் வரைக்கும் வர்ற கோடு."

அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சரி, சரி. ஞாயித்துக்கிழமை வா. வரும்போது கீழ பாத்து வா, குழியில விழுந்து தொலைக்காதே."