ஒன்பதாம் நம்பர் ரூம் சத்தம்

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து ஆடிக் காத்து. மொட்டை மாடியில காயப் போட்ட பெட்ஷீட் ரெண்டு பறந்து பின்னாடி சந்துல விழுந்துடுச்சு. லாட்ஜ் கூட்டிப் பெருக்கற மல்லிகா அக்கா போய் எடுத்துக்கினு வந்தாங்க. திரும்பத் துவைக்கணும்.

செய்ய வேண்டியது: 4ல ஹீட்டர். 6ல தாழ்ப்பாள். பாப்பாவுக்கு வெள்ளை ஷூ.

ஆவணிக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஒரு குடும்பம், திருச்சிப் பக்கம். இருந்த ரூம் எல்லாம் குடுத்தேன், இன்னும் ஒண்ணு வேணும்னாங்க. மிச்சம் 9தான், அதுல நானும் பாப்பாவும் இருக்கோம்னேன். அந்தம்மா முகம் மாறிடுச்சு. "அதுலயா இருக்கீங்க? பொண்ண வெச்சுக்கினா?" யூடியூப்ல பாத்திருக்காங்க.

ஆமா, அதுலதான். பேய் ரூம்னு ஒருத்தரும் தங்கறதில்ல, அதனாலதான் முதலாளி எங்களுக்கு விட்டாரு. ரிசப்ஷன், புக்கிங், சாவி, சண்டை, எல்லாம் என் தலைல. சம்பளம் கம்மி, ரூம் சும்மா. பேய்க்கு பயந்தா நடுத்தெருவுலதான் நிக்கணும்.

பாப்பா இன்னிக்கும் விடியக்காலைல எழுப்பினா. "தட்டுதும்மா." சுவத்துல காதை வெச்சேன். ஒண்ணும் இல்ல. அவ கண்ண உருட்டிக்கினு, இதோ, இதோங்கறா. எட்டு வயசு. பொய் சொல்ற பொண்ணு இல்ல.

யாரும் படிக்கப் போறதில்ல, அதனால எழுதறேன். எனக்கு பயமா இருக்குது. பேய் இருக்குதுன்னு இல்ல. எனக்குக் கேக்காதது அவளுக்குக் கேக்குதேன்னு.

ஜூலை 22, செவ்வாய்

ஹீட்டர் ஆச்சு. தாழ்ப்பாள் ஆகல.

பி. போன், பாப்பாவோட அப்பா. என் நம்பருக்குத்தான் பண்றாரு, ஆனா பாப்பாகிட்டதான் பேசுவாரு. அம்பத்தூர்லயும் இதேதான். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. கோவம் வந்தா பேச மாட்டாரு. மாசக்கணக்குல. ஒரே ஹால்ல உக்காந்துக்கினு "உப்பு இல்லன்னு அம்மாகிட்ட சொல்லு" அப்படிம்பாரு. பாப்பா பேச ஆரம்பிச்சதிலிருந்து அவதான் எங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேன். அந்த வீட்ல மிக்ஸி ஓடினாத்தான் சத்தம். போன வருஷம் ஒரு நாள் பையைத் தூக்கிக்கினு வந்துட்டேன். வெளிய சொன்னா "அடிச்சாரா? இல்லையே? அப்புறம் என்ன?" எங்கம்மாவே கேட்டாங்க, வீட்ல சேக்கல.

இன்னிக்கு பாப்பா போனைக் கையில வெச்சுக்கினே சொல்றா: "ஞாயித்துக்கிழமை விடியறப்ப வருவாராம். அந்தத் தட்டற சத்தத்த அவரே காதால கேப்பாராம். கேட்டுதுன்னா என்னை அம்பத்தூர் கூட்டிக்கினு போயிடுவாராம். உன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

சொல்லிட்டு ரிமோட்டைத் தேடப் போயிட்டா.

தூக்கம் வரல. ஊர்ல 9ஐப் பத்தி சொல்ற கதையெல்லாம் எழுதிப் பாக்கறேன்:

மல்லிகா அக்கா: கல்யாணப் பொண்ணு. கூரைப் புடவை எடுக்க வந்த இடத்துல மாப்பிள்ளை ஓடிட்டான். அதே புடவைல தொங்கிட்டா.

ஆட்டோ ஸ்டாண்டு: வெள்ளைக்கார துரை. இது முன்னாடி அவன் தங்கற பங்களாவாம். குதிரைக்காரனைக் கட்டி வெச்சு அடிச்சே கொன்னுட்டானாம். அந்த சவுக்கு சத்தம்.

யூடியூப் தம்பி: ரெண்டும், கூட ஒரு கிணறு. இங்க கிணறே கிடையாது.

முதலாளி: "பேய் இருந்தா என்னம்மா, வாடகை குடுக்குதா?"

ஜூலை 23, புதன்

இன்னிக்கு நடந்தது.

விடியக்காலை கதவைத் தட்டறாங்க. பக்கத்து 8ல தங்கின சேலம் பெரியவர், லுங்கியோட, வெளிறிப்போய். சுவத்துல யாரோ அடிக்கிறாங்க, வந்து கேளும்மான்னாரு. படிக்கட்டு கூட்டிக்கினு இருந்த மல்லிகா அக்காவையும் துணைக்குக் கூப்ட்டேன். மூணு பேரும் 8க்குள்ள நின்னோம். அவர் விரலைத் தூக்கறாரு, இறக்கறாரு. "இதோ ஒண்ணு. அப்புறம் ஒரு இழுப்பு. இதோ மறுபடி." நான் மூச்சைப் பிடிச்சுக்கினு கேக்கறேன். ஃபேன் சத்தம், காக்கா சத்தம். அக்காவைப் பாத்தேன், அக்கா உதட்டைப் பிதுக்கினாங்க.

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

சத்தியமா கேக்கல. ஆனா அந்த வார்த்தைக்கு அப்புறம் அவர் முகத்தைப் பாக்கணுமே. எனக்கு மட்டுமாம்மான்னு கேட்டாரு. டிபன் கூட சாப்பிடல, காலி பண்ணிட்டுப் போயிட்டாரு.

அக்கா சமாதானமா, கேக்கறவங்களுக்குத்தான் கேக்கும்னாங்க. என் பாப்பாவுக்குக் கேக்குதேக்கான்னேன். அவங்க வாளியை எடுத்துக்கினு போயிட்டாங்க.

ஞாயிறு வந்துக்கினே இருக்குது. பி.க்கும் கேக்கும். எனக்குத் தெரியுது, கேக்கும்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை.

கோயில் கூட்டம், எல்லா ரூமும் ஃபுல். 3ல தண்ணி வரலன்னு சத்தம். செத்துப்போன எங்கப்பாவுக்குப் படைக்கணும், வாழை இலை வாங்க மறந்துட்டேன்.

பாப்பா வெயில் வர வரைக்கும் தூங்கினா. நானே எழுப்ப வேண்டியதாப் போச்சு. "இன்னிக்கு வரலம்மா அது."

அமாவாசைல வராத பேயான்னு நெனச்சுக்கினேன். வேலை அவசரத்துல மறந்தும் போச்சு.

இலை வாங்க பின்னாடி சந்து வழியா பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தேன். நான் பொறந்து வளந்த பக்கம்தான். காது அடைச்ச மாதிரி இருந்துது. சளின்னு நெனச்சு ரெண்டு தடவை கொட்டாவி விட்டேன். சரியாகல. ஏழுமலை அண்ணன் வாசல்ல சேர் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சுக்கினு இருந்தாரு. என்னண்ணா இந்த நேரத்துல சும்மா உக்காந்திருக்கீங்கன்னேன்.

"அமாவாசைமா. தறிக்கு லீவு."

சின்ன வயசுலிருந்து தெரிஞ்ச விஷயம். அமாவாசைன்னா எங்க வீட்லயும் தறி ஏற மாட்டாங்க. கை இலையை வாங்குது, காசு குடுக்குது, புத்தி எங்கயோ நிக்குது. திரும்பி வரப்போ அண்ணன் வீட்டுக்குப் பின்னாடி நிமிந்து பாத்தேன். எங்க லாட்ஜ். எங்க மொட்டை மாடிக் கொடி. அவர் வீட்டுப் பின்சுவரும் 9ஓட சுவரும் முதுகோட முதுகு ஒட்டிக்கினு நிக்குது.

படையல் முடிச்சேன்.

ஜூலை 25, வெள்ளி

விடியக்காலைல பாப்பா எழுந்ததும் கையைப் பிடிச்சு இழுத்துக்கினு போனேன், தலை கூட வாரல. அண்ணன் வீட்டு வாசல்லயே அவ நின்னுட்டா.

"இதாம்மா."

உள்ள அண்ணன் தறிக்குழில காலைத் தொங்கப் போட்டு நெய்யறாரு. ஊடை நூலோட நாடா குறுக்க ஓடுது, பலகை அடிக்குது. ஒரு இழுப்பு, ஒரு தட்டு. நாப்பது வீட்டுத் தெருவுல நாப்பது வீட்லயும் இதேதான். இந்த சத்தத்துலதான் பொறந்தேன். எங்கம்மா தறி மேல உக்காந்துக்கினேதான் எனக்குத் தாலாட்டு பாடினாங்க. விசித்திரமா ஏதாவது கேக்குதான்னு காதைத் தீட்டினேனே தவிர, இது ஒரு சத்தம்னே என் காது கணக்குல வெக்கல. மல்லிகா அக்காவும் நெசவுக்காரங்க வீட்டுப் பொண்ணுதான். எத்தன பேருகிட்ட சத்தியம் பண்ணாத குறையா "கேக்கலீங்க"ன்னு சொல்லி விரட்டியிருக்கோம். அந்தப் பேயை வளத்ததே நாங்கதான்.

பாப்பா நேரா போய், "அங்கிள், நீங்கதான் பேயா?"

அண்ணன் சிரிச்ச சிரிப்புல இழை அறுந்துடுச்சு. எனக்கும் சிரிப்பு. அப்புறம் என்னமோ அழுகை. விவரம் சொன்னேன். மூணு வருஷம் முன்னாடிதான் தறியைப் பின்கட்டுக்கு மாத்தினாராம், முகூர்த்தப் புடவை அவசரம், அதான் இருட்டோட ஆரம்பிக்கிறேன், வேணும்னா லேட்டா ஏறறேன்னாரு. வேணாண்ணா, உங்க நேரத்துக்கே நெய்யுங்கன்னேன்.

முதலாளிகிட்ட ஓடிப் போய் சொல்லணும்னு இருந்துது. மல்லிகா அக்காகிட்ட முதல்ல சொன்னேன். அவங்க வாயைப் பொத்தி சிரிச்சாங்க, அப்புறம் சட்டுனு நிறுத்திட்டாங்க.

"சொல்லாத ருக்மணி. பேய் இல்லன்னு தெரிஞ்சா 9ஐ வாடகைக்கு விட்டுடுவாரு. நீ புள்ளைய எட்த்துக்கினு எங்க போவ?"

அது எனக்குத் தோணவே இல்ல.

ஜூலை 26, சனி

காத்து நிக்கல. கரன்ட் போய்ப் போய் வந்துது. ஷூ வாங்கியாச்சு, ஒரு சைஸ் பெருசு.

ஒரு இடத்துல உக்கார முடியல. பேய் இருந்தா பாப்பா போயிடுவா. பேய் இல்லன்னா ரூம் போயிடும். ரூம் போனாலும் பி. பாப்பாவைக் கேப்பாரு, தங்க இடமில்லாதவகிட்ட எப்படி விடறதுன்னு. சாவி மாட்டற பலகையைத் துடைச்சதையே திருப்பித் துடைச்சுக்கினு இருந்தேன்.

பாப்பா ஜாலியா இருக்கா. அண்ணன் அறுந்த பட்டு நூல் ஒரு பிடி குடுத்தாரு, பொம்மைக்கு முடி பண்றா. இது நம்ம ரகசியம்னு சொல்லி வெச்சிருக்கேன். அப்பாகிட்டயுமான்னா. அப்பாகிட்ட சொல்லலாம்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

இருட்டோட கிளம்பி பைக்ல வந்துட்டாரு. ஜாக்கெட், ஹெல்மெட். இளைச்சிருக்காரு. பாப்பாவைத் தூக்கினாரு. என்னைப் பாக்கல.

ரூம்ல நின்னாரு. கொஞ்ச நேரத்துல முகம் மாறிச்சு, கேட்டுடுச்சு. பாப்பா தாவிக் குதிச்சு, "வாப்பா பேயைக் காட்டறேன்"னு அவர் கையைப் பிடிச்சு சந்துக்கு இழுத்துக்கினு போனா. நானும் பின்னாடியே. ஏழுமலை அண்ணன் தறியிலிருந்தே வாங்கன்னாரு. பி. ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தாரு. நெய்யறத இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல போல. கல்யாணம் ஆகி இத்தன வருஷம், இந்தத் தெருவுக்கு ஒரு நாள் வந்ததில்ல.

வாசலுக்கு வந்தோம். சரி, போயிடுவாருன்னு நெனச்சேன். பாப்பா முன்னாடி குனிஞ்சாரு.

"பேய் இல்லன்னாலும் பாப்பா என்கூடவே இருக்கட்டும்னு அம்மாகிட்ட சொல்லு."

எனக்கும் அவருக்கும் நடுவுல ரெண்டடி கூட இருக்காது.

பாப்பா என்னைப் பாத்தா, அவரைப் பாத்தா. கையில பொம்மை.

"நீயே சொல்லுப்பா. இங்கதான நிக்கறாங்க."

அவர் நிமிந்தாரு. வாய் திறந்துது. இன்னிக்கு பேசிடுவாருன்னு நெஜமாவே நெனச்சேன். என்ன சொன்னாலும் சரி, திட்டினாலும் சரி, சொல்லுங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கினு இருந்தேன். உள்ள தறி மட்டும் ஓடுது. அவர் ஹெல்மெட்டை மாட்டினாரு. பாப்பா தலையைத் தடவினாரு. வண்டியை எடுத்துட்டாரு.

அவ டாட்டா காட்டிக்கினே நின்னா. அப்புறம் பசிக்குதுன்னா. இட்லி வாங்கிக் குடுத்தேன்.

வழக்கு கிழக்குன்னு போவாரோ, தெரியல. அங்கயும் ஜட்ஜு முன்னாடி வாயைத் திறந்துதான ஆகணும்.

பாவமாவும் இருக்குது. அது வேற.

ஜூலை 28, திங்கள்

விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு. பாப்பா வாயைப் பொளந்துக்கினு தூங்கறா. புது ஷூவைக் கட்டில் மேலயே வெச்சிருக்கா.

தட்டு. இழுப்பு. தட்டு.

காதைப் பொத்தினேன், தலைகாணிய வெச்சு அழுத்தினேன். நிக்கல. முப்பத்திரண்டு வருஷமா கேக்காதது மொத்தமா வந்து கேக்குது. அவ அசையக் கூட இல்ல.

6ல தாழ்ப்பாள் ஆச்சு. முதலாளி பதினோரு மணிக்கு வந்தாரு, 9ல இன்னும் அந்த சத்தம் இருக்குதாம்மா, இல்லன்னா சீசனுக்கு வாடகைக்கு விடலாமேன்னாரு. மல்லிகா அக்கா மாப்பை அப்படியே நிறுத்திட்டாங்க.

"இருக்குதுங்க"ன்னேன். "இப்ப எனக்கே கேக்குது."