ஓரம் வெட்டாத படம்

கச்சிராயபாளையம்,
தை 14.

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் மார்கழியில் பிறந்த கன்றும் சுகம், நீயும் அந்த பின்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம். அன்றாடம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், சொல்ல வந்ததில் பாதியை விழுங்க வேண்டியிருக்கிறது. அதோடு இந்த உறையில் கடிதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது மடங்கக் கூடாது என்று இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, அங்கிருந்து பொங்கல் லீவுக்கு வந்திருந்த உன் சிநேகிதி எலவனாசூர்கோட்டை ஷாலினியிடம் கொடுத்தனுப்புகிறேன். கோமுகி அணையில் தண்ணீர் இருக்கிறது, கரும்பும் நன்றாக வந்திருக்கிறது, அடுத்த மாதம் வெட்டு.

நீ பார்சலில் அனுப்பிய பழைய போன் வந்ததிலிருந்து நான் கெட்டுப்போய்விட்டேன் என்கிறாள் அம்மா. உண்மைதான். கார்த்திகையில் நீ, வயலில் நின்று ஒரு போட்டோ எடுத்து நன்றாக கிராப் பண்ணி அனுப்புங்கப்பா என்று சொன்னாய் அல்லவா, பெண் ஆசைப்பட்டுக் கேட்கிறதே என்று நேராக வீரமணி சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றேன். போட்டோவின் ஓரத்தை வெட்டுவதற்கும் கிராப் என்றுதான் பெயர் என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பு ஒரு வாரம் காதிலேயே இருந்தது. இப்போது முடியும் வளர்ந்துவிட்டது, கொஞ்சம் புத்தியும் வளர்ந்திருக்கிறது. எதைக் கண்டாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் கண் போகிறது. மாட்டை முழுசாக எடுத்தால் அது மாடு, அவ்வளவுதான். ஒரு கண்ணை மட்டும் விட்டு மிச்சத்தையெல்லாம் வெட்டிப் பார்த்தேன், அந்தக் கண்ணுக்குள்ளே நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. கரும்புப் பூவில் பச்சையைக் குறைத்து ஊதாவை ஏற்றினால் அது நம் கொல்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்புவதில்லை. இந்தக் கிறுக்கு முற்றி ஒருநாள் கல்வராயன் மலையைச் சிவப்பும் ஆரஞ்சுமாக மாற்றி எங்கள் கரும்பு விவசாயிகள் குரூப்பில் போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து உன் கந்தசாமி மாமா போன் போட்டு, "இன்னா மாப்ள, மலை பத்திக்கினு எரியுது, நீ நின்னு போட்டோ புடிச்சிக்கினு கீற" என்று கத்துகிறார். குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, பச்சை மலையைத் திரும்பப் போட்ட பிறகுதான் எல்லோரும் அடங்கினார்கள்.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உதட்டோரத்திலும் கண் இமையிலும் விரல்களிலும் அந்த வெள்ளைத் திட்டு வர ஆரம்பித்தது நீ விமானம் ஏறிய வருஷம். வலியில்லை, ஒட்டுகிற நோயும் இல்லை என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, அவளும் தலையாட்டிக்கொள்கிறாள். ஆனால் போட்டோ என்றால் ஆளைக் காணோம். உன் சித்தப்பா மகன் சுபாஷ் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், பந்தி முழுக்கப் பாயசம் ஊற்றியவள் ஒரு படத்தில்கூட இல்லை. உன்னோடு வீடியோவில் பேசும்போதும் போனை மேலே திருப்பிவிடுகிறாள், நாலு வருஷமாக நீ எங்கள் ஃபேனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாய். போன மாதம், புது வீட்டுச் சுவரில் மாட்ட அம்மா படம் ஒன்றே ஒன்று வேண்டும் என்று நீ கேட்டபோது உன் குரல் கம்மியது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன், எப்படியாவது அனுப்பிவிடுவது என்று.

செய்தேன், கேள். ஒருநாள் அம்மா மல்லாட்டை உடைத்து விதைக்குக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். கன்று வந்து முறத்தை நக்க, வாய்விட்டுச் சிரித்தாள். நான் கதவு மறைவில் நின்று எடுத்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து என் கைவேலையைக் காட்டினேன். திட்டு அதிகமாக இருக்கிற பக்கத்துக் கன்னத்தை அப்படியே வெட்டினேன், மிச்சத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினேன், உதட்டோரத்து வெள்ளை மேலே பழுப்பு நிறத்தை விரலால் தேய்த்து மூடினேன். கள்ளக்குறிச்சிக்குப் போய் தங்கதுரை கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி போட்டு, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கூடத்தில் மாட்டினேன். வந்தவள் ரொம்ப நேரம் பார்த்தாள், பிறகு இது யார் என்று கேட்டாள். நீதான், ஒன்றுமே தெரியாதபடி செய்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "நான் மறைச்சிக்கினா அது வேற. நீங்களும் மறைக்கணும்னு நெனச்சிட்டீங்களே, அது வேறங்க" என்றாள். உள்ளே போய் உலை வைத்தாள்.

இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். உன்னிடம் எழுத வெட்கமாக இருக்கிறது இலக்கியா, ஆனாலும் எழுதுகிறேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன், அவள் முகத்தில் எது இருக்கலாம் எது இருக்கக் கூடாது என்று ஒரு விரலை வைத்துத் தீர்மானம் செய்திருக்கிறேன். படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கண்ணகி, நான் செய்தது தப்புதான் என்றேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். உனக்குப் படமும் இல்லை, எனக்குப் பேச்சுத் துணையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, மோட்டார் கொட்டகைப் பக்கம் மடை திருப்பிக்கொண்டிருந்தேன், அவளாகவே வந்து எதிரே நின்றாள். வீட்டில் கட்டுகிற புடவை, தலைகூட வாரவில்லை. புள்ள கேட்டுக்கினே இருக்குது, எடுங்க, ஆனால் எடுத்த பிறகு ஒன்றும் செய்யக் கூடாது என்றாள். மனசு மாறிவிடப் போகிறாளே என்று சேற்றுக் கையோடே அவசரமாக எடுத்தேன். அதனால் படம் கோணல், ஒரு பக்கம் கொட்டகையின் பாதி, கீழே ஒரு வாளி, மூலையில் என் கட்டைவிரல். ஓரத்தை வெட்டச் சொல்லி விரல் அரித்துக்கொண்டேதான் இருக்கிறது, தொடவில்லை, அப்படியே பிரிண்ட் போட்டு இந்த உறையில் வைத்திருக்கிறேன். இமை வெள்ளையும் உதட்டு வெள்ளையும் காலை வெயிலில் அப்படியே விழுந்திருக்கின்றன. அழகாக இருக்கிறாள். எடுத்ததைக் காட்டியபோது, வாளியை நகர்த்தியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, இட்லிக்கு என்ன சட்னி அரைக்கட்டும் என்று கேட்டாள். எனக்கு அந்தச் சட்னிதான் பொங்கல் மாதிரி இருந்தது.

நீ நேரத்துக்குத் தூங்கு, பனியில் சறுக்காத செருப்பாகப் பார்த்து வாங்கு, மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறதே என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக நீ வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் அளவு சேரவில்லை, ஓரத்தைக் கொஞ்சம் எடுத்துவிடலாமா என்று கேட்டால் சம்மதிக்காதே, சட்டத்தைப் பெரிதாக வாங்கு. உன் கண் உயரத்துக்கு மாட்டு. எடுக்கும் முன்னால் அம்மா என்னிடம், "இலக்கியா எங்கருந்துங்க பாக்கும்" என்று கேட்டாள். போனில் இருக்கிற சின்ன ஓட்டையைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆகையால் படத்தில் அவள் பார்ப்பது என்னை இல்லை, உன்னைத்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. தெய்வசிகாமணி